சாரலும் சித்திரமும்

குற்றாலத்துக்குப் போகிறவர்களில் இரண்டு வகை உண்டு. அருவியில் குளிப்பதற்காகப் போகிறவர்கள் ஒரு வகை. குளித்துவிட்டு வந்து பசியோடு சாப்பிடுவதற்காகப் போகிறவர்கள் மற்றொரு வகை. வெகு காலமாக நான் இரண்டாவது வகையைச் சேர்ந்தவனாகவே இருந்து வந்தேன். மூன்றாவதாகவும் ஒரு வகை உண்டு, அவர்கள் அருவியைத் திரும்பியும் பாராமல் ஒரு குளக்கரையில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்பதைச் சென்ற ஆடி மாதத்தில்தான் தெரிந்துகொண்டேன்.

அன்று பேரருவியில் கூட்டம் சொல்லி முடியாது. எண்ணெய்த் தலைகளும் ஈரத் துண்டுகளுமாக ஜனங்கள் நெருக்கியடித்துக்கொண்டிருந்தார்கள். அந்த நெரிசலில் தலையைக் கொடுக்கத் துணிவில்லாமல் நான் கடைத்தெரு வழியாக வடக்கே நடந்தேன். மேலே திரிகூட மலையை மேகம் மூடியிருந்தது. மழை என்று சொல்ல முடியாத, மழையில்லை என்றும் சொல்ல முடியாத ஒன்று மேலே விழுந்துகொண்டிருந்தது. அந்தப் பக்கத்தார் அதைச் சாரல் என்கிறார்கள். குடை பிடித்தால் குடையைச் சுற்றிக்கொண்டு உள்ளே வரும். பிடிக்காவிட்டால் சட்டை நனைந்தது தெரியாமலே நனைந்துவிடும். சரி, எங்கேயாவது ஒதுங்கலாம் என்று பார்த்தபோது ஒரு தெப்பக்குளமும், குளத்தை ஒட்டிச் செப்புத் தகடு வேய்ந்த கூரையோடு கூடிய ஒரு மண்டபமும் கண்ணில் பட்டன. அதுதான் சித்திர சபை. பலமுறை குற்றாலம் வந்திருந்தும் அதற்குள் நான் காலடி வைத்ததில்லை என்று ஒப்புக்கொள்ளக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது. வாசகர்களிலும் என்னைப் போன்றவர்கள் இருப்பார்கள் என்ற தைரியத்தில் சொல்லிவிடுகிறேன்.

நடை சாத்தியிருந்தது. ஓரமாக ஒரு மனிதர் உட்கார்ந்திருந்தார். அறுபது வயதுக்கு மேலிருக்கும். வேஷ்டியின் கரையில் நீலமும் சிவப்புமாகச் சாயத் துளிகள். மடியில் ஒரு பழைய கணக்கு நோட்டு. அதில் பென்சிலால் எதையோ கோடு போடுவதும், சற்று நேரம் மலையைப் பார்ப்பதுமாக இருந்தார்.

"மழைக்கு ஒதுங்கினியளா அண்ணாச்சி, இல்லை சபை பாக்க வந்தியளா?" என்று கேட்டார்.

நெல்லைச் சீமையில் அண்ணாச்சி என்ற சொல்லுக்கு வயதுக் கணக்கு கிடையாது. நானும் அவரை அண்ணாச்சி என்றே அழைத்து, "ஒதுங்கத்தான் வந்தேன். வந்த பிறகு பார்க்கலாம் என்று தோன்றுகிறது" என்றேன்.

"நடை திறக்கட்டும். கூடவே வாரேன். வருஷம் பூரா போர்டு எழுதுன கை. சீஸனுக்குச் சீஸன் இங்க வந்து நாலு கோடு போட்டாத்தான் கை நம்ம கையா இருக்கும், பாத்துக்கிடுங்க" என்றார்.

தென்காசியில் கடைப் பலகைகள் எழுதிப் பிழைத்தவர் அவர். அன்று மாலையும் மறுநாள் காலையும் அவரோடு பேசியதிலிருந்தும், ஊர் திரும்பிய பின் நான் தேடிப் படித்ததிலிருந்தும் பிறந்தது இந்தக் கட்டுரை.

*

நடராஜப் பெருமானுக்கு ஐந்து சபைகள் உண்டு என்பது பலருக்கும் தெரிந்த சங்கதி. தில்லையில் பொன்னம்பலம், மதுரையில் வெள்ளியம்பலம், திருநெல்வேலியில் தாமிர சபை, திருவாலங்காட்டில் ரத்தின சபை, குற்றாலத்தில் சித்திர சபை. முதல் நான்கும் பொன், வெள்ளி, செம்பு, மணி என்று விலைபெற்ற பொருள்களின் பெயரைத் தாங்கியவை. ஐந்தாவதற்கு மட்டும் ஒரு கலையின் பெயர். மற்ற சபைகளில் பெருமானைச் சிலையாகக் கண்டு கும்பிடுகிறோம். இங்கே அவர் சுவரில் எழுதிய சித்திரம். சுண்ணாம்புக் காரையின் மீது சாயத்தால் தீட்டிய ஓர் உருவத்துக்குத் தீபாராதனை காட்டுகிறார்கள். மார்கழித் திருவாதிரையன்று நடக்கும் தாண்டவ தீபாராதனையைப் பார்க்கச் சுற்றுப்புற ஜனங்கள் திரண்டு வருவார்கள்.

நடை திறந்ததும் உள்ளே போனோம். வெளியே ஆடி மாதத்து வெளிச்சமே மங்கலாயிருந்தபடியால், உள்ளே கண் பழகுவதற்குச் சற்று நேரமாயிற்று. பிறகு ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பித்தன. நடுவில் சிவகாமியம்மையோடு ஆடுகின்ற பெருமான். சுற்றுச் சுவர்களில் தேவியின் பல வடிவங்கள், பிள்ளையார், முருகன், பைரவ மூர்த்தங்கள், நாயன்மார்கள், திருவிளையாடல்கள். சைவக் கோயிலாயிற்றே, பெருமாளுக்கு இங்கே என்ன வேலை என்று கேட்காதபடி, அனந்தசயனராகப் பத்மநாப ஸ்வாமியும் ஒரு சுவரில் பள்ளிகொண்டிருக்கிறார். திருவனந்தபுரம் மலைக்கு அந்தப் பக்கம் கூப்பிடு தூரத்தில்தானே இருக்கிறது!

அந்தப் பத்மநாபரைப் பார்த்ததும் எனக்கு ஒரு விஷயம் விளங்கிற்று. தென்காசியும் குற்றாலமும் செங்கோட்டைக் கணவாயின் வாசலில் இருக்கின்ற ஊர்கள். மேல்காற்றும் மேகமும் அந்த வழியாகத்தான் பாண்டி நாட்டுக்குள் வருகின்றன. மிளகும் ஏலமும் வந்தன. சித்திரக்காரர்களும் வந்திருக்க வேண்டும், அல்லது இங்கிருந்து அங்கே போய்வந்திருக்க வேண்டும். நாயக்கர் காலத்து ஓவியங்களில் கதை வரிசை வரிசையாகப் போகும். ஒரு பட்டையில் கல்யாணம், அதன் கீழே ஊர்வலம், அதற்கும் கீழே யுத்தம். இடையிடையே இன்னது இன்னதென்று தமிழில் எழுதியும் வைத்திருப்பார்கள். கேரளத்துச் சுவர்களில், உதாரணமாகப் பத்மநாபபுரம் அரண்மனையிலோ ஏற்றுமானூர்க் கோயிலிலோ, சுவரை அடைத்துக்கொண்டு ஒரே மூர்த்தி நிற்கும். அகன்ற கண்கள், கனத்த கிரீடம், ஆபரணங்களின் நெரிசல், மஞ்சளும் சிவப்பும் பச்சையுமாக ஒரு ஜொலிப்பு. சித்திர சபையில் இந்த இரண்டு மரபுகளும் கை கோத்துக்கொண்டிருப்பதாக எனக்குப் பட்டது. மலை இரண்டு ராஜ்யங்களைப் பிரித்தது வாஸ்தவம். சாயக் கிண்ணத்தை அது பிரிக்கவில்லை.

"இந்தப் பச்சையைப் பாருங்க அண்ணாச்சி. இது டப்பாப் பச்சை இல்லை. வெளியே வந்து மலையைப் பாருங்க, அங்கயும் இதே பச்சைதான் நிக்கும்" என்றார் அவர். வெளியே வந்து பார்த்தேன். மேகம் சற்று விலகி, நனைந்த மலைச்சரிவு தெரிந்தது. கறுப்பும் நீலமும் கலந்த அதே பச்சை. வெயில் காலத்தில் வந்திருந்தால் இந்த ஒற்றுமை எனக்குத் தெரிந்திராது.

*

அந்தக் காலத்தில் சாயம் எங்கிருந்து வந்தது? கடையிலிருந்து அல்ல. காலுக்குக் கீழேயிருந்தும் வேலியிலிருந்தும் வந்தது. சிவப்புக்கும் மஞ்சளுக்கும் காவிக் கற்கள். கறுப்புக்கு எண்ணெய் விளக்கின் புகைக்கரி. வெள்ளைக்குச் சுண்ணாம்பே போதும். நீலத்துக்கு அவுரி. கேரள முறையில் அவுரியின் நீலத்தோடு ஒரு மஞ்சள் பிசினைச் சேர்த்துப் பச்சை உண்டாக்கினார்கள். சாயம் சுவரைப் பிடித்துக்கொள்வதற்கு வேப்பம் பிசின். சுவரைத் தயார் செய்வதே ஒரு பெரிய காரியம். சுண்ணாம்பையும் மணலையும் கடுக்காய் நீர் விட்டு அரைத்துப் பூசி, காய வைத்து, அதன் மேல் சுண்ணாம்பை இளநீரில் கரைத்து இருபது, முப்பது தடவை தடவுவார்கள். அப்படித் தடவிய பிறகுதான் முதல் கோடு. இன்று இரண்டு மணி நேரத்தில் ஒரு சுவரை அடித்து முடித்துவிட்டுக் கூலி கேட்கிறவர்களைப் பார்க்கும்போது, அந்த மனிதர்களுக்கு நேரம் என்பது வேறு விதமாக ஓடியிருக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

இந்தத் தொழில் இந்தச் சீமைக்கு நாயக்கர் காலத்தில் வந்ததுமல்ல. இன்றைய தென்காசி மாவட்டத்திலேயே, கடையநல்லூருக்கு அருகில், திருமலாபுரத்துக் குடைவரைக் கோயில் இருக்கிறது. பாண்டியர் காலத்தது. ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட அந்தக் குகையின் விதானத்தில் ஓவியம் உண்டு என்பதைப் புதுச்சேரியிலிருந்த பிரெஞ்சு அறிஞர் ழூவோ துப்ரேய் கண்டு வெளியிட்டார். தாமரையும் வாத்தும், சிங்கத்தின் மேல் ஏறிவரும் ஒரு பூதகணமும், வேடர் கூட்டமும் அங்கே உண்டு. சித்தன்னவாசலுக்குத் தங்கை என்று சொல்லலாம். ஆனால் அக்காவுக்கு வாய்த்த பேர் தங்கைக்கு வாய்க்கவில்லை. எஞ்சியிருப்பதும் கொஞ்சம்தான்.

சிறிது கிழக்கே, தாமிரபரணியும் கடனா நதியும் கூடுகின்ற திருப்புடைமருதூரில், நாறும்பூநாதர் கோயிலின் ஐந்து நிலைக் கோபுரத்துக்குள் ஏறினால் நாயக்கர் காலத்து ஓவியக் களஞ்சியமே இருக்கிறது. அதில் ஒரு சுவரில் கப்பல் ஒன்று வருகிறது. கப்பல் நிறையக் குதிரைகள், தலைப்பாகை அணிந்த அராபிய வியாபாரிகள். மற்றொரு சுவரில் ஒரு பெரும் போர். 1532-ல் விஜயநகரத்துப் படைக்கும் திருவிதாங்கூர்ப் படைக்கும் தாமிரபரணிக் கரையில் நடந்த சண்டை அதுதான் என்று ஆராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள். புராணம் எழுதச் சொன்ன சுவரில் சித்திரக்காரன் தன் ஊர்ச் செய்தியையும் எழுதி வைத்துவிட்டான். கடற்கரையில் குதிரைக் கப்பல் இறங்குவதைப் பார்த்த கண்ணோ, பார்த்தவர் வாயால் கேட்ட காதோ இல்லாமல் அந்தக் கப்பலை எழுதியிருக்க முடியுமா?

*

கலைஞனுக்கு உள்ளக் கிளர்ச்சி எங்கிருந்து வருகிறது என்ற கேள்வியை நாவல் எழுதுகிற என்னிடம் பலர் கேட்டிருக்கிறார்கள். நானும் ஏதேதோ பதில் சொல்லியிருக்கிறேன். சித்திர சபையிலிருந்து வெளியே வந்தபோது அதே கேள்வியை நான் அந்த மனிதரிடம் கேட்டேன்.

"இவ்வளவு பெரிய அருவி பக்கத்தில் விழுந்துகொண்டிருக்கிறது. அதைச் சுவரில் யாரும் எழுதிவைக்கக் காணோமே, அண்ணாச்சி? அருவிக் கரையில் வாழ்ந்தவர்களுக்கு அருவி கண்ணில் படவில்லையா?"

இந்தக் கேள்வியை நான் காரணமில்லாமல் கேட்கவில்லை. 1792-ம் வருஷம் தாமஸ் டேனியல் என்ற ஆங்கிலேயச் சித்திரக்காரரும் அவருடைய அண்ணன் மகன் வில்லியமும் சென்னையிலிருந்து புறப்பட்டுத் தெற்கே கன்னியாகுமரி வரை பிரயாணம் செய்தார்கள். காட்சியைக் காகிதத்தில் விழச் செய்து கோடு போட்டுக்கொள்வதற்கு உதவும் இருட்டுப் பெட்டி ஒன்றும் அவர்களிடம் இருந்தது. திருநெல்வேலிச் சீமையில் பாபநாசம் அருவியை அவர்கள் எழுதினார்கள். அது செப்புத் தகட்டில் அச்சாகி, 144 படங்கள் கொண்ட அவர்களுடைய பெரும் தொகுதியில் சேர்ந்து, லண்டன் மாளிகைகளின் சுவரை அலங்கரித்தது. அந்தப் படத்தின் அச்சை நான் பார்த்திருக்கிறேன். பாறை பாறையாக இருக்கிறது, தண்ணீர் தண்ணீராக இருக்கிறது. எதிரே நிற்கிற மனிதர்கள் எறும்பு போலச் சிறுத்திருக்கிறார்கள். அன்னியர் கண்ணுக்கு அருவி ஒரு காட்சி. நம் ஊர்க்காரர் கண்ணுக்கு அது ஏன் காட்சியாகவில்லை?

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மடியிலிருந்த நோட்டைப் பிரித்துக் காட்டினார். பென்சில் கோட்டில் நடராஜர். பறக்கின்ற சடை மட்டும் பக்கத்தை நிறைத்திருந்தது.

"அருவியை எழுதலைன்னு யாரு சொன்னா? இந்தச் சடையைப் பாருங்க. மேல ஒரு மூச்சா வந்து, தோளுகிட்ட பிரிஞ்சு, இந்தப் பக்கம் நாலு, அந்தப் பக்கம் நாலுன்னு தெறிக்கு. பேரருவி பொங்குமாங்கடல்ல விழுந்து தெறிக்கதும் இப்பிடித்தான். கங்கை தலையில இருக்குன்னு எல்லாரும் சொல்லுதாக. இந்த ஊர்க்காரன் கங்கையை எங்க பாத்தான்? பாத்தது இதைத்தானே!"

இது ஆராய்ச்சியாளர் ஒப்புக்கொள்ளும் சான்று அல்ல. தாண்டவ மூர்த்தியின் சடை எல்லா ஊரிலும் விரிந்துதான் இருக்கிறது. என்றாலும் அன்றைக்கு, அருவியின் இரைச்சல் காதில் விழுந்துகொண்டிருக்க, அந்தப் பதிலை மறுக்க எனக்கு மனம் வரவில்லை. பேரருவிப் பாறையிலேயே வரிசை வரிசையாகச் சிவலிங்கங்களைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். தண்ணீர் ஓயாமல் அபிஷேகம் செய்துகொண்டிருக்கிறது. அருவியையும் தெய்வத்தையும் வேறு வேறாக வைத்துப் பார்க்கிற வழக்கம் இந்த ஊருக்கு இல்லையென்பதற்கு வேறு சாட்சி எதற்கு?

ஆனால் ஒரு குறை எனக்கு இருந்துகொண்டே இருந்தது. இதே மலையையும் அருவியையும் குரங்கையும் குறத்தியையும் பாடிய திரிகூட ராசப்பக் கவிராயரை நமக்குத் தெரியும். பக்கத்திலுள்ள மேலகரத்துக்காரர். அவருடைய குற்றாலக் குறவஞ்சிக்காக முத்து விஜயரங்க சொக்கநாத நாயக்கர் நிலம் மானியமாகக் கொடுத்தார். அந்த நிலத்துக்குக் குறவஞ்சி மேடு என்றே பெயர் வழங்கிற்று. கவிக்குப் பேர் உண்டு, ஊர் உண்டு, மேடு உண்டு. சித்திர சபையில் ஆடும் பெருமானின் தூக்கிய திருவடியை ஒரே வளைவில் இழுத்த மனிதனுக்கு என்ன இருக்கிறது? அந்தச் சபையில் நின்று கும்பிடுகிற நம்மில் எவருக்கும் அவன் பெயர் தெரியாது. அவன் குடும்பத்துக்கு எத்தனை படி நெல் அளந்தார்கள் என்று கேட்பாரும் இல்லை.

*

இந்தப் பேரில்லாமை நம்முடைய காலம் வரை தொடர்ந்து வந்திருக்கிறது.

என் பிள்ளைப் பருவத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு மளிகைக் கடைக் காலண்டர் தொங்கிற்று. வருஷம் முடிந்து தேதித் தாள்கள் தீர்ந்த பிறகும் என் தாயார் அதைக் கழற்ற விடவில்லை. முருகன் படம். பின்னால் மலையும் மேகமும். அதை எழுதியது யார் என்று வீட்டில் ஒருவரும் கேட்டதில்லை. மூலையில் சின்ன எழுத்தில் ஒரு கையெழுத்து இருந்ததைப் பல வருஷங்களுக்குப் பிறகு கவனித்தேன். சி. கொண்டைய ராஜு.

1898-ல் பிறந்தவர். சென்னை ஓவியப் பள்ளியில் பயின்றவர். கொஞ்ச காலம் திருவண்ணாமலையில் ரமண மஹரிஷியின் சந்நிதியில் இருந்தவர். பிறகு நாடகக் கம்பெனி ஒன்றில் சீன் எழுதுகிற வேலை. கம்பெனி கோவில்பட்டியில் கலைந்தது. அவரும் அங்கேயே தங்கிவிட்டார். டி. எஸ். சுப்பையா, மு. ராமலிங்கம் முதலிய சீடர்கள் அவரைச் சுற்றி உருவானார்கள். பக்கத்தில் சிவகாசி அச்சகங்கள் இருந்தன. பிறகு என்ன? 1976-ல் அவர் மறையும் வரையில், தமிழ்நாட்டில் எத்தனை வீடுகளில் எத்தனை பேர் அவருடைய படத்துக்கு முன்னால் விளக்கேற்றினார்களோ, கணக்கில்லை. ராஜா ரவி வர்மாவுக்குக் கிடைத்த கீர்த்தி அவருக்குக் கிடைக்கவில்லை. கும்பிட்ட கைகளின் எண்ணிக்கையில் அவர் குறைந்தவரல்ல.

"கோவில்பட்டிப் படத்தைப் பாத்துப் பாத்துத்தான் எனக்குக் கை பழகிச்சு. சாமி நம்மளை நேராப் பாக்கணும். நாம எந்தப் பக்கம் நின்னாலும் பாக்கணும். அதுதான் கொண்டைய ராஜு சூட்சுமம்" என்றார் என் நண்பர்.

பத்து வயதில் தென்காசியில் ஒரு போர்டு எழுதுகிற கடையில் எடுபிடியாகச் சேர்ந்தாராம். சவுளிக் கடை, நகைக் கடை, லாரியின் பின்பக்கம், சினிமாத் தட்டி, கட்சிச் சுவர், கோயில் சுவர் எல்லாம் எழுதினாராம். எழுத்து ஒன்றுக்கு இவ்வளவு என்று கூலி. பிறகு ஃப்ளெக்ஸ் வந்தது. ஒரு ராத்திரியில் பத்துப் போர்டு அடித்துத் தருகிற இயந்திரத்தோடு பிரஷ் எப்படிப் போட்டி போடும்? கூட்டாளிகளில் சிலர் வெள்ளையடிக்கப் போனார்கள். சிலர் டீக்கடை வைத்தார்கள். அவர் பள்ளிக்கூடச் சுவர்களில் திருவள்ளுவரும் தேசப்படமும் எழுதிக் காலத்தைத் தள்ளினார்.

இதெல்லாம் அவர் வருத்தமில்லாமல்தான் சொன்னார். சொல்லிக்கொண்டே வந்தவர் திடீரென்று குரலைத் தாழ்த்தினார்.

"அண்ணாச்சி, ஒரு பாவம் பண்ணியிருக்கேன். ஊர்ப் பேரு கேக்காதிய."

அவருக்கு இருபத்திரண்டு வயதாக இருந்தபோது ஒரு கிராமத்துக் கோயிலில் கும்பாபிஷேகம். மண்டபத்து விதானத்தில் பழைய சித்திரங்கள். புகையேறி, வௌவால் எச்சம் படிந்து, ஒழுகி, அங்கங்கே உதிர்ந்திருந்தன. 'பளிச்சென்று இருக்கவேண்டும்' என்று கோயில் வேலையை நடத்தியவர்கள் சொன்னார்கள். இவர் சாரத்தில் மல்லாந்து படுத்துக்கொண்டு, உப்புத்தாளால் தேய்த்து, டப்பா எனாமல் பெயிண்டை அடித்து, மேலே புதிதாகத் தாமரைப் பூக்களை எழுதினார். பதினோரு நாள் வேலை. ஊரே மெச்சிற்று. வேஷ்டி, துண்டு கொடுத்து மரியாதை செய்தார்கள்.

"தேய்க்கையில ஒரு பொம்பளை முகம் வந்துச்சு. நல்ல முகம். ஒரு கண்ணுல மை இருக்கு, இன்னொரு கண்ணு போயிட்டு. அந்த இருக்கிற கண்ணு என்னைப் பாத்துச்சு. நேராப் பாத்துச்சு. ஒரு நிமிஷம் கை நின்னுச்சு அண்ணாச்சி. கீழேயிருந்து, 'என்னலே, தூங்குதியா?'ன்னு சத்தம். தேச்சுட்டேன்."

அவருடைய எனாமல் ஐந்தாறு வருஷத்தில் தோல் உரிகிறது போல உரிந்ததாம். சுண்ணாம்புச் சுவருக்கு மூச்சு வேண்டும். எனாமல் அதை அடைத்துவிடும். உள்ளே ஏறிய ஈரம் வெளியேற வழியில்லாமல் காரையையும் கூடப் பெயர்த்துக்கொண்டு வந்துவிடும். உரிந்தபோது அவருடைய தாமரையோடு கீழேயிருந்த மிச்சமும் போயிற்று.

"அன்னைக்கு எனக்கு யாரும் சொல்லித் தரலை. சொல்லித் தந்திருந்தா மட்டும் கேட்டிருப்பேனாங்கதும் தெரியலை. துட்டு வேணும்லா?" என்றார். அதற்குப் பிறகுதான் சீஸனுக்குச் சீஸன் சித்திர சபைக்கு வந்து கோடு போடுகிற வழக்கம் ஏற்பட்டதாம். அதைப் பிராயச்சித்தம் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

சித்திர சபையின் நல்வினை, பச்சிலைச் சாயங்களைக் கொண்டு பழைய முறையிலேயே அதைச் செப்பனிடும் முயற்சி நடந்திருக்கிறது. ஆனால் செப்பனிடுதலும் சுலபமான காரியமல்ல. போன கோட்டின் மேல் இன்றைய கை புதுக் கோடு போட்டால், மிஞ்சுவது பழைய சித்திரமா, புதியதா? ஒன்றும் செய்யாமல் விட்டாலோ சாரல் தின்றுவிடும். மலைக்குப் பச்சையைக் கொடுப்பதும், சித்திரக்காரனுக்கு அந்தப் பச்சையைக் கற்பிப்பதும், பிறகு அவன் எழுதியதை வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டு போவதும் இந்தச் சாரல்தான். தேர்ந்தவர்கள் சுவரைச் சுத்தம் செய்து, உதிர்கிற காரையை ஒட்டவைத்து, இல்லாததை இல்லாததாகவே விட்டுவிடுவதும் உண்டு. கண் போன முகத்தைக் கண் போன முகமாகவே வைத்துக்கொள்வதற்கு, கும்பிடுகிற நமக்கும் கொஞ்சம் மனப் பக்குவம் வேண்டும்.

*

மறுநாள் காலையில் ஊருக்குப் புறப்படுமுன் தென்காசிக் கோயிலுக்குப் போனேன். அவரும் வந்திருந்தார். 2019 முதல் தென்காசி ஒரு மாவட்டத்தின் தலைநகரம். கார்களும் பஸ்களும் இரைந்துகொண்டிருந்தன. அந்த இரைச்சலுக்கு நடுவே ராஜகோபுரம் ஒன்பது நிலையோடு நின்றது. கோபுர வாசலில் நுழையும்போது எதிரேயிருந்து ஒரு காற்று வந்து மார்பில் மோதியது. கணவாய் வழியாக வருகிற பொதிகைக் காற்று. உள்ளே சில அடி நடந்ததும் அதே காற்று முதுகைப் பிடித்து உள்ளே தள்ளுவது போல இருந்தது. தென்காசிக்காரர்கள் இதைத் தங்கள் சொந்தச் சொத்தாகவே பாவித்துப் பெருமைப்படுவார்கள்.

பராக்கிரம பாண்டியன் இந்தக் கோயிலை 1446-ல் கட்டத் தொடங்கினான். பாண்டியர் மதுரையை இழந்து தெற்கே ஒதுங்கிவிட்ட காலம். பெரிய சாம்ராஜ்யம் கிடையாது. ஆனாலும் பெரிய கோயிலைக் கட்டினான். கட்டியதோடு நிற்கவில்லை. கல்லில் ஒரு வேண்டுகோளும் பொறித்து வைத்தான். பிற்காலத்தில் இந்தக் கோயிலுக்குக் குறை நேர்ந்தால், அதைச் சரி செய்து காப்பாற்றுகிறவர்கள் எவராயிருந்தாலும் சரி, அவர்கள் காலில் நான் இப்பொழுதே விழுந்து கும்பிடுகிறேன் என்பது அதன் கருத்து. தன் பெயரைக் காப்பாற்றுங்கள் என்று ஆணையிட்ட அரசர்கள் உண்டு. அழித்தவன் நரகத்துக்குப் போவான் என்று சபித்தவர்கள் அதைவிட அதிகம். இன்னும் பிறக்காத யாரோ ஒரு கொத்தனின் காலில், யாரோ ஒரு ஓவியனின் காலில் விழுந்த அரசன் இவன்.

அவன் பயந்தது வீண்போகவில்லை. கோபுரம் பின்னால் சிதைந்து, வெகு காலம் மொட்டையாக நின்றது. பழைய அடித்தளத்தின் மீதே மறுபடி எழுப்பி, 1990-ல் கும்பாபிஷேகம் செய்தார்கள். நூற்று எழுபது அடிக்கு மேற்பட்ட உயரம். கும்பிடு போட்ட பாண்டியனுக்கு ஐந்நூறு ஆண்டுக்கு மேல் கழித்துப் பதில் கிடைத்தது.

இந்தக் கல்வெட்டுச் செய்தி என் நண்பருக்குப் புதிதல்ல. சின்ன வயதிலிருந்தே கேட்டிருக்கிறார். ஆனால் அன்றைக்கு நான் அதை எடுத்துச் சொன்னபோது அவர் பேசாமல் கோபுரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். காற்றில் அவருடைய துண்டு படபடத்தது.

"ராசா நம்ம காலுலயா விழுதாரு? நாம செஞ்ச வேலைக்கு நாமல்லா அவரு காலுல விழணும்" என்றார் கடைசியில்.

பிறகு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று என்னைத் துரிதப்படுத்தினார். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் ஜன்னல் வழியாக அந்தக் கணக்கு நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்துக் கொடுத்தார். பஸ் நகர்ந்த பிறகு பிரித்துப் பார்த்தேன். ஒரு பெண்ணின் முகம். ஒரு கண்ணில் மை தீட்டியிருந்தது. மற்றொரு கண் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் தாள். எந்தக் கோயில் விதானத்து முகம் அது என்று எனக்குத் தெரியும். நாற்பது வருஷத்துக்குப் பிறகும் அந்த இடத்தை நிரப்ப அவர் துணியவில்லை.

தாளின் கீழே கையெழுத்து இருக்கிறதா என்று தேடினேன். இல்லை.

அடுத்த முறை குற்றாலத்துக்குப் போகிற வாசகர்கள் நன்றாகக் குளிக்கட்டும், வயிறார உண்ணட்டும். அதற்குப் பிறகு அரை மணி நேரம் மிஞ்சினால் சித்திர சபைக்குள் போய்ச் சற்று நில்லுங்கள். சுவரைத் தொடாதீர்கள். கண் பழகுகிற வரையில் பொறுத்திருங்கள். பச்சை நிறம் தெரிய ஆரம்பித்ததும் வெளியே வந்து மலையைப் பாருங்கள்.